பிரிந்து வந்த பின்னும் ஓயாத தொல்லை: கொங்கு நாட்டுத் தாய்மார்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

"பொறந்த வூட்டுக்கு வந்தாச்சு, இனி அவன் என்ன பண்ணீருவான்?" என்று ஆறுதல் சொல்பவர்கள் நம் பக்கத்தில் நிறையப் பேர். ஆனால் வீட்டை விட்டு வெளியேறிய முதல் சில மாதங்கள்தான் பல பெண்களுக்கு மிக மோசமானவை. வீட்டுக்குள் அடித்த கணவர் இப்போது பள்ளி வாசலில் பைக்கோடு நிற்பார். பனியன் கம்பெனி சூப்பர்வைசருக்குப் போன் போட்டு "அவ யாரோட பேசறா?" என்று விசாரிப்பார். ஜீவனாம்சம் தராமல் இழுப்பார், இரண்டு ஊர்களில் வழக்குப் போட்டு அலையவிடுவார், ஒறம்பரை வாட்ஸ்அப் குரூப்பில் நடத்தையைப் பற்றி எழுதுவார். அடி நின்றிருக்கலாம், பிடி விடவில்லை.

அந்தப் பிடி பெரும்பாலும் நான்கு வழியாக வரும்: குழந்தை, போன், பணம், கோர்ட். ஒவ்வொன்றையும் எந்த வரிசையில், எந்தக் காகிதத்தை வைத்து அடைப்பது என்பதுதான் இந்த வழிகாட்டி. பேச்சு வார்த்தையில் வாங்கிய வாக்கு ஒரு நோம்பி தாண்டாது என்பது என் கருத்து. எழுத்தில் வாங்கிய உத்தரவுதான் நிற்கும்.

1. முதலில் உயிர்

கீழே சொல்பவற்றில் ஒன்று நடந்திருந்தாலும் மற்ற வேலைகளைத் தள்ளிவைத்துவிட்டுப் பாதுகாப்பைப் பாருங்கள்: கழுத்தை நெரித்தது, "உன்னையும் கொன்னு நானும் மருந்தைக் குடிச்சிருவேன்" என்றது, அரிவாளையோ பூச்சிமருந்து டப்பாவையோ எடுத்துக் காட்டியது, நைட் ஷிப்ட் முடிந்து வரும் வழியில் பின்தொடர்ந்தது. தோட்டத்து வீடுகளில் பூச்சிமருந்து கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால் அதை வெறும் மிரட்டல் என்று விடக்கூடாது.

கழுத்தை நெரித்திருந்தால் வெளியே தழும்பு இல்லாவிட்டாலும் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். உள்காயம் தாமதமாகத் தெரியலாம். டாக்டரிடம் "விழுந்துட்டேன்" என்று சொல்லாதீர்கள். யார், எப்போது, எதால் செய்தார் என்று சொன்னால்தான் விபத்துப் பதிவேட்டில் அப்படியே ஏறும். ஏ.ஆர். காப்பி என்று வக்கீல்கள் கேட்பது இதைத்தான். ஆறு மாதம் கழித்துக் கோர்ட்டில் இந்த ஒரு தாள் பத்து சாட்சிக்குச் சமம்.

அவசரத்துக்கு 112. பெண்கள் உதவி எண் 181, குழந்தைகளுக்கு 1098. தங்க இடமில்லை என்றால் மாவட்டத்தின் ஒருங்கிணைந்த சேவை மையத்துக்குப் போகலாம். 181-ல் கேட்டாலே வழி சொல்வார்கள். அங்கே சில நாள் தற்காலிகமாகத் தங்கலாம், ஆலோசனை, மருத்துவ, காவல், சட்ட உதவிகளுக்கும் அங்கிருந்தே வழி செய்வார்கள்.

பொறந்த வீட்டிலேயே இருந்தாலும் பக்கத்து வீட்டு அக்கா ஒருவரிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள். நீங்கள் "மாவு இருக்குதுங்களா?" என்று போன் செய்தால் அவர் ஒன்றும் கேட்காமல் போலீஸைக் கூப்பிட வேண்டும்.

2. அதே நாளில் போன்

சிம் அவர் பெயரில் இருந்தால் உங்கள் பெயரில் புதிது வாங்குங்கள். ஆதாரிலும் வங்கியிலும் இருக்கும் எண்ணை மாற்றுங்கள். இல்லாவிட்டால் ஓ.டி.பி. எல்லாம் அவர் கைக்குத்தான் போகும். வாட்ஸ்அப்பில் 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' பகுதியைத் திறந்து தெரியாத கம்ப்யூட்டர் எதுவும் இருக்கிறதா பாருங்கள். கூகுள் கணக்கின் பாஸ்வேர்டை மாற்றி, இரண்டு கட்டச் சரிபார்ப்பைப் போட்டு, கூகுள் மேப்பில் இருப்பிடப் பகிர்வை நிறுத்துங்கள். குழந்தையின் பழைய டேப்லட் அப்பாவின் கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும். இதை மறப்பவர்கள்தான் அதிகம். ஸ்கூட்டி சீட்டுக்கு அடியிலும் குழந்தை பைக்குள்ளும் டிராக்கர் வைக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். ஒருமுறை கொட்டிப் பார்த்துவிடுங்கள்.

அவர் எண்ணை முழுதாக பிளாக் செய்யாமல், குழந்தை விஷயத்துக்கு மட்டும் ஒரு வழியைத் திறந்து வையுங்கள். எழுத்தில் மட்டும், குரல் அழைப்பு வேண்டாம். திட்டி எழுதினால் சாட்சி, ஒழுங்காக எழுதினால் நிம்மதி. எப்படிப் போனாலும் உங்களுக்கு நஷ்டமில்லை.

அந்தரங்கப் படத்தை வைத்து மிரட்டினால் 1930-க்கும் தேசிய சைபர் குற்றப் புகார் தளத்துக்கும் உடனே புகார் கொடுங்கள். மானம் போய்விடும் என்று அவர் கேட்கிற பணத்தைக் கொடுத்தால் அடுத்த மாதமும் கேட்பார்.

3. ஒரு கோடு போட்ட நோட்டு

நாற்பது பக்க நோட்டு போதும். நடந்த அன்றைக்கே எழுதுங்கள். "ரொம்பத் தொல்லை பண்றார்" என்று எழுதினால் கோர்ட்டில் ஒன்றுக்கும் ஆகாது. இப்படி எழுதுங்கள்:

"செவ்வாய், மாலை 4.20. பள்ளி கேட். வெள்ளை ஸ்ப்ளெண்டரில் வந்தார். பையனின் கையைப் பிடித்து இழுத்தார். 'கேஸை வாபஸ் வாங்கு, இல்லைன்னா பையனை இனிப் பாக்க மாட்டே' என்றார். வாட்ச்மேன் அண்ணாவும் ஐஸ் வண்டிக்காரரும் பார்த்தார்கள். 4.35க்கு 112 கூப்பிட்டேன்."

நாள், நேரம், இடம், அவர் சொன்ன வார்த்தை, பார்த்தவர், நீங்கள் செய்தது. உங்கள் கோபம் அதில் வேண்டாம். மெசேஜ்களை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அண்ணனுக்கு அனுப்பிவிட்டு உங்கள் போனில் அழித்துவிடாதீர்கள். மின்னணுச் சாட்சியைத் தாக்கல் செய்யும்போது 2023-ன் புதிய சாட்சியச் சட்டத்தில் 63-ஆம் பிரிவுச் சான்று கேட்பார்கள். மூலம் இருக்கும் போனைப் பத்திரமாக வைத்திருந்தால் அந்தச் சான்று வாங்குவது சுலபம். போனை எக்ஸ்சேஞ்சில் போட்டுவிடாதீர்கள்.

4. மகளிர் ஸ்டேஷன்

புகாரை இரண்டு பிரதி எழுதிக்கொண்டு போங்கள். கொடுத்தவுடன் சி.எஸ்.ஆர். ரசீது, அதாவது புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான ஸ்டேஷன் ரசீது, கேட்டு வாங்குங்கள். ரசீது இல்லாத புகார் கொடுக்காத புகார். கணவன் ஊர் தாராபுரம், நீங்கள் வந்திருப்பது கோபி என்றால் "அங்க போய்க் குடுங்க" என்று அனுப்பப் பார்க்கலாம். அடைக்கலம் புகுந்த ஊரிலேயே கொடுமை வழக்குக் கொடுக்கலாம் என்று 2019-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனும் எப்.ஐ.ஆர். போடலாம் என்று 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 173-ஆம் பிரிவும் சொல்கிறது. வாங்க மறுத்தால் அதே புகாரைப் பதிவுத் தபாலில் எஸ்.பி.க்கு அனுப்புங்கள். கோவை, திருப்பூர், சேலம் மாநகர எல்லைக்குள் என்றால் கமிஷனருக்கு. அதற்கும் பலனில்லை என்றால் மாஜிஸ்திரேட்.

பின்தொடர்வது புதிய தண்டனைச் சட்டமான பி.என்.எஸ். 78-ஆம் பிரிவுப்படி குற்றம். வேண்டாம் என்று தெளிவாகச் சொன்ன பிறகும் திரும்பத் திரும்பத் தொடர்புகொள்வது, இணையத்தில் கண்காணிப்பது இரண்டும் அதில் அடங்கும். பிரிந்து வாழும் மனைவியைச் சம்மதமில்லாமல் உடலுறவுக்கு ஆளாக்கினால் 67-ஆம் பிரிவில் 2 முதல் 7 வருடம் வரை சிறை. "இன்னும் புருசன்தானே" என்ற வாதம் அங்கே செல்லாது. இது பலருக்குத் தெரியவே தெரியாது.

ஸ்டேஷனில் இரு தரப்பையும் உட்காரவைத்துப் பேசுவார்கள். அது தவறில்லை. ஆனால் கடைசியில் நீட்டும் தாளில் "இனிமேல் புகார் ஏதுமில்லை, சேர்ந்து வாழச் சம்மதம்" என்ற வரி இருக்கிறதா என்று வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். "வக்கீலிடம் காட்டிட்டு நாளைக்குப் போடறனுங்க" என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

5. ஒரே மனுவில் ஐந்து உத்தரவு

பிரிந்து வந்த தாய்க்கு இருப்பதிலேயே கைகொடுக்கும் சட்டம் 2005-ன் குடும்ப வன்முறைப் பாதுகாப்புச் சட்டம். இது 2006 அக்டோபர் 26 முதல் அமலில் இருக்கிறது. அதன் பலத்தைத் தெரிந்துகொள்ளாமல் நேரே விவாகரத்து மனுவுக்குப் போய்விடுகிறார்கள். விவாகரத்து வருடக்கணக்கில் இழுக்கும். அதுவரை பாதுகாப்புக்கு என்ன செய்வது?

பிரிந்து வந்துவிட்டதால் இந்தச் சட்டம் பொருந்தாது என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். "எப்போதாவது சேர்ந்து வாழ்ந்திருந்தால்" போதும் என்று சட்டத்திலேயே இருக்கிறது. தாலி கட்டாமல் குடும்பம் நடத்தியவர்களுக்கும், எந்த மதத்தினருக்கும் பொருந்தும். ஒரு வருடம் தாண்டினால் மனுச் செய்ய முடியாது என்ற வாதத்தையும் 2022-ல் உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டது. அதுவும் தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கு. மனுவை நீங்கள் இப்போது தங்கியிருக்கும் ஊர் மாஜிஸ்திரேட் கோர்ட்டிலேயே போடலாம். தற்காலிகமாகத் தங்கியிருந்தாலும் சரி, வேலை பார்க்கும் ஊராக இருந்தாலும் சரி.

எங்கே தொடங்குவது? மாவட்டச் சமூக நலத் துறையின் பாதுகாப்பு அலுவலரிடம். நீங்கள் சொல்வதை அவர் குடும்ப நிகழ்வு அறிக்கையாக எழுதிக் கோர்ட்டுக்கு அனுப்புவார். அந்த அறிக்கை இல்லாமல் நேராகவும் மனுப் போடலாம். வக்கீல் வைக்கக் காசில்லை என்றால் 15100-க்குக் கூப்பிடுங்கள், அல்லது கோர்ட் வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் குழு அறைக்குப் போங்கள். பெண்ணாக இருந்தாலே இலவச வக்கீல் உண்டு, வருமான வரம்பு கிடையாது.

மனுவில் ஐந்தையும் கேளுங்கள். 18-ஆம் பிரிவில் பாதுகாப்பு: உங்களைத் தொடர்புகொள்ளக் கூடாது, வேலை செய்யும் இடத்துக்கு வரக்கூடாது, குழந்தை பள்ளிக்கு வரக்கூடாது, உங்கள் சீதனத்தையோ லாக்கரையோ தொடக்கூடாது, உங்களுக்கு உதவிய அப்பா அம்மாவையும் தொந்தரவு செய்யக்கூடாது. 19-ல் தங்குமிடம் அல்லது வாடகை. 20-ல் செலவுப் பணம். 21-ல் குழந்தையின் தற்காலிகப் பொறுப்பு. 22-ல் நஷ்டஈடு. ஆபத்து உடனடியாக இருந்தால் 23-ஆம் பிரிவில் எதிர்த்தரப்பைக் கேட்காமலே இடைக்கால உத்தரவு கேட்கலாம். முதல் விசாரணை சாதாரணமாக 3 நாளுக்குள், முடிவு 60 நாளுக்குள் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறை அவ்வளவு வேகமில்லை. அதனால்தான் இடைக்கால மனுவைச் சேர்த்தே போட வேண்டும்.

பள்ளியின் பெயர், கம்பெனியின் பெயர், போன் எண் எல்லாம் உத்தரவில் பெயர் பெயராக வரும்படி வக்கீலிடம் சொல்லுங்கள். "மனுதாரரைத் தொந்தரவு செய்யக் கூடாது" என்ற பொதுவான வரியைக் காட்டினால் போலீஸ் தலையைச் சொறிவார்கள். உத்தரவின் நகல் இலவசமாகக் கிடைக்கும், ஸ்டேஷனுக்கும் போகும். பாதுகாப்பு உத்தரவை மீறினால் 1 வருடம் வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இது ஜாமீனில் வர முடியாத குற்றம். வாரண்ட் இல்லாமலே பிடிக்கலாம்.

6. குழந்தை கைமாறும் இடம்

வன்முறை திரும்ப நுழையும் வாசல் இது. நிறைய யோசிக்க வேண்டிய இடமும் இதுதான்.

கோர்ட் உத்தரவு எதுவும் இல்லாத நிலையில் அப்பா குழந்தையைக் கூட்டிக்கொண்டு போனால், "அவரும் அப்பாதானுங்களே" என்று ஸ்டேஷனில் கையை விரித்துவிடுவார்கள். ஆகவே 21-ஆம் பிரிவு உத்தரவு முதல் வாரத்திலேயே வேண்டும். 5 வயதுக்குக் கீழே இருந்தால் சாதாரணமாகத் தாயிடமே என்று இந்து இளவர் காப்பாளர் சட்டம் 6-ஆம் பிரிவு சொல்கிறது. அதற்கு மேல் குழந்தையின் நலன்தான் கணக்கு. குழந்தையை ஒளித்து வைத்துவிட்டால் உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுப் போடலாம். கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல்காரர்கள் சென்னைக்கும், கரூர்காரர்கள் மதுரைக் கிளைக்கும் போக வேண்டும்.

பள்ளிக்கு எழுத்தில் கடிதம் கொடுங்கள்: குழந்தையைக் கூட்டிப்போக உரிமையுள்ளவர்கள் இன்னின்னார், நீதிமன்ற உத்தரவு நகல் இணைப்பு. அலுவலகத்தில் சீல் போட்ட பிரதி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். டி.சி.யை அவர் வாங்கி மறைத்துவிட்டால் பயப்பட வேண்டாம். எட்டாம் வகுப்பு வரை டி.சி. வரத் தாமதம் என்பதைக் காரணம் காட்டி அரசுப் பள்ளியோ உதவி பெறும் பள்ளியோ சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டம் 5-ஆம் பிரிவு சொல்கிறது.

பார்க்கும் உரிமை அவருக்கு வந்தால் எங்கே, எத்தனை மணிக்கு, யார் முன்னிலையில் என்று உத்தரவிலேயே எழுதி வாங்குங்கள். குடும்ப நல நீதிமன்ற வளாகத்தில் வைத்துக் கேட்கலாம். அந்தச் சந்திப்பே குழந்தைக்குக் கேடு என்று தோன்றினால் மாஜிஸ்திரேட் அதை மறுக்க வேண்டும் என்று 21-ஆம் பிரிவிலேயே இருக்கிறது. உங்கள் வீட்டு வாசலில் கைமாற்றாதீர்கள். பஸ் ஸ்டாண்ட் புறக்காவல் நிலையம், கூட்டமுள்ள பேக்கரி, ஏதோ ஒரு பொது இடம். கூட அண்ணனை அனுப்பினால் மாமன் மச்சான் சண்டையாகிவிடும். அப்புச்சியையோ, இரு தரப்பும் மதிக்கும் ஒரு டீச்சரையோ கூப்பிடுங்கள். குழந்தையை விட்டதும் "4.00, விட்டேன்" என்று ஒரு மெசேஜ். அதோடு சரி. "ஏன் இப்படி இளைச்சுட்டே", "வண்டியில ஏறு, பேசணும்" எதற்கும் பதில் வேண்டாம்.

நம் பக்கத்துக்கென்று ஒரு சிக்கல் உண்டு. குலதெய்வக் கோயிலில் காதுகுத்து, மாரியம்மன் நோம்பி, ஆடி 18 என்று சொல்லிக் கூட்டிப் போய்த் திருப்பி அனுப்பாமல் விடுவது. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துக் காதுகுத்த வேண்டிய குழந்தையை அந்தப் பக்கமே கூட்டிப் போய் முடித்துவிட்டு, போட்டோவை மட்டும் அனுப்பிய கதைகளும் உண்டு. பண்டிகை நாட்களைப் பெயர் சொல்லி உத்தரவில் பிரித்து எழுதச் சொல்லுங்கள்.

இன்னொன்று கசப்பானது. அவர் ஜீவனாம்சம் தரவில்லை என்பதற்காகப் பார்க்கும் உரிமையை நீங்களாக நிறுத்தக் கூடாது. கோர்ட் இரண்டையும் தனித்தனியாகவே பார்க்கும். நிறுத்தினால் "குழந்தையை அப்பனுக்கு எதிரா வளக்கறா" என்ற மனு அடுத்த வாய்தாவில் வந்து நிற்கும்.

அப்பா வீட்டிலிருந்து வந்ததும் "அங்க என்ன கேட்டாங்க?" என்று குழந்தையைக் குடையாதீர்கள். அங்கேயும் அதைத்தான் கேட்டிருப்பார்கள். அதுவாகச் சொன்னால் அதன் வார்த்தையிலேயே நோட்டில் எழுதிவையுங்கள்.

7. பணமும் நகையும்

செலவுக்குப் பணம் கேட்க பி.என்.எஸ்.எஸ். 144-ஆம் பிரிவு. பழைய 125 இதுதான். இதற்கும் நம்மூர் பதில் ஒன்று தயாராக இருக்கும்: "கூலிக்குத் தறி ஓட்டறனுங்க, மாசம் எட்டாயிரம் வருது." இரு தரப்பும் சொத்து, கடன், வருமானப் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்ய வேண்டும் என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் விதித்திருக்கிறது. அதில் பொய் சொன்னால் காட்டிக்கொடுக்க உங்களிடம் காகிதம் இருக்க வேண்டும். தறிக்கான மின் இணைப்பு எண், ஜாப் ஒர்க் பில், ஜி.எஸ்.டி. எண், நாமக்கல் லாரி, திருச்செங்கோட்டு ரிக் வண்டி (போர் போடும் வண்டி) என்றால் ஆர்.சி., பல்லடம் பக்கத்துக் கோழிப்பண்ணை என்றால் கம்பெனியோடு போட்ட ஒப்பந்தம், பொள்ளாச்சித் தோப்பு என்றால் பட்டா, சிட்டா. வில்லங்கச் சான்றைப் பதிவுத் துறை இணையதளத்தில் காசில்லாமல் பார்க்கலாம். நீங்கள் பிரிந்து வந்த பிறகு தம்பி பெயருக்குச் செட்டில்மென்ட் எழுதியிருந்தால் அதில் தெரிந்துவிடும்.

மனுப் போட்ட தேதியிலிருந்தே ஜீவனாம்சம் கணக்காகும். உத்தரவு வந்தும் தரவில்லை என்றால் வசூல் மனுவை 1 வருடத்துக்குள் போட்டுவிட வேண்டும். "பாவம், பொங்கலுக்குத் தர்றேங்கறார்" என்று காத்திருந்து அந்தக் கெடுவைத் தாண்டி விடாதீர்கள்.

நகைக்குப் பில் இல்லையே என்பார்கள். கல்யாண ஆல்பம் இருக்கிறதே. நீங்கள் போட்டிருந்த ஆரமும் வளையலும் அதில் இருக்கும். சீர்ப் பட்டியல், மொய் நோட்டு, அப்பா நகைக்கடைக்குக் கட்டிய சீட்டு அட்டை எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். சீதனம் உங்களுடையது மட்டுமே. மாமியார் பீரோவில் இருந்தாலும் அது மாறாது.

கையெழுத்துப் போட்டுக் கொடுத்த வெற்றுச் செக் இருந்தால் வங்கிக்கு எழுத்தில் நிறுத்தக் கடிதம் கொடுங்கள். உங்கள் பெயரில் மகளிர் குழுக் கடன், நகைக் கடன், மைக்ரோ பைனான்ஸ் என்ன இருக்கிறது என்று சிபில் அறிக்கையில் பாருங்கள். வருடத்துக்கு ஒருமுறை இலவசம்.

8. வழக்கையே கம்பாக எடுப்பவர்

ஜீவனாம்ச மனு போட்ட மறுமாதம் "சேர்ந்து வாழ ஆசைப்படுகிறேன்" என்று ஒரு நோட்டீஸ் வரலாம். ஆசையெல்லாம் இல்லை. "அவளாகத்தான் போனாள்" என்று நிரூபித்துப் பணத்தைக் குறைக்கும் வழி அது. சும்மா விட்டால் எக்ஸ்பார்ட்டி, அதாவது உங்கள் தரப்பைக் கேட்காமலே தீர்ப்பு, ஆகிவிடும். பதில் மனுவில் ஏ.ஆர். காப்பியையும் சி.எஸ்.ஆர். ரசீதையும் வையுங்கள். அவர் ஊர்க் கோர்ட்டில் போட்டு அலைக்கழித்தால் உங்கள் ஊருக்கு மாற்றக் கேட்டு உயர் நீதிமன்றத்தில் மனுப் போடலாம். கைக்குழந்தை, தூரம், மிரட்டல் ஆகியவை வலுவான காரணங்கள். விவாகரத்து மனுவை நீங்கள் போடுவதாக இருந்தால், இந்து திருமணச் சட்டத்தின் கீழ் மனைவி தான் வசிக்கும் ஊரிலேயே போடலாம்.

9. பெரிய மனுசங்க பேச்சு

"என்ன இருந்தாலும் பையனோட அப்பன், அனுசரிச்சுப் போ கண்ணு" என்பார்கள். கூட்டத்துப் பெரியவர்கள் உட்கார்ந்து முத்திரைத்தாளில் எழுதி அத்துவிட்டுவிட்டார்கள் என்றால், அது பொதுவாகச் சட்டப்படியான விவாகரத்து ஆகாது. அப்படியொரு வழக்கம் அந்தச் சமூகத்தில் தொன்றுதொட்டு உண்டு என்று கோர்ட்டில் நிரூபித்தால் மட்டுமே நிற்கும். அந்தத் தாளை நம்பி மறுமணம் செய்து சிக்கிக்கொண்டவர்கள் உண்டு.

சமாதானமே வேண்டாம் என்று சொல்லவில்லை. மீடியேஷன் சென்டரில் உட்காருங்கள், ஆனால் கோர்ட் முன்னிலையில் எழுதுங்கள். "கேஸை முதல்ல வாபஸ் வாங்கு, அப்புறம் பணம்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள். டி.டி. உங்கள் கையில் வந்த அன்றைக்குத்தான் வாபஸ். பரஸ்பர விவாகரத்தில் தீர்ப்பு வரும் வரை உங்கள் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். அதை அவர் வக்கீல் உங்களிடம் சொல்ல மாட்டார். மொத்தத் தொகை வாங்கிக்கொண்டு "குழந்தைக்கும் இனி எதுவும் கேட்க மாட்டேன்" என்று எழுதச் சொன்னால் அந்த வரியை அடித்துவிடச் சொல்லுங்கள். குழந்தையின் ஜீவனாம்சம் குழந்தையின் உரிமை. அதை விட்டுக்கொடுக்க உங்களாலும் முடியாது.